முப்பத்தைந்து அங்குல யோசனை

மாமியார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று பேக்கரிக்காரர் முடிவு செய்தது கல்யாணமான புதிதில். அந்த முடிவை அத்தனை வருஷமாகக் காப்பாற்றியது அவருடைய வீரம் இல்லை. ஒரு மேடு.

மாமியார் வீடு அந்த மேட்டின் உச்சியில் இருந்தது. சாதாரண மேடு இல்லை. தெருவைத் தூக்கிச் சுவரில் சாத்தி வைத்த மாதிரி இருக்கும். வாடகைக் கார்க்காரர்கள் அடிவாரத்திலேயே இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். பேக்கரி வேன் கால்வாசிகூட ஏறாது. உள்ளே இருக்கிற ரொட்டித் தட்டெல்லாம் சறுக்கிக்கொண்டு வந்து பின்கதவில் மோதும். உடனே பேக்கரிக்காரர் இறங்கி நின்று, இடுப்பில் கை வைத்து, மேட்டை ஒரு பார்வை பார்ப்பார்.

“எனக்கு வர ஆசைதான். வண்டி ஏறமாட்டேங்குதே, நான் என்ன பண்ணட்டும்?”

மனைவி நடந்து ஏறிப்போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். அதுவரைக்கும் அவர் வேனுக்குள் உட்கார்ந்து கிரீம் பன் தின்றுகொண்டிருப்பார்.

அவருக்கு மாமியார்மேல் கோபம் கிடையாது. பயம்தான். அந்த அம்மாள் ஓய்வுபெற்ற ஹெட் நர்ஸ். ஓய்வு ஆஸ்பத்திரிக்குத்தான் கிடைத்தது, அவருக்கு இல்லை. வீட்டு வாசலிலேயே எடை மெஷின் இருக்கும். செருப்பைக் கழற்றினதும் அதில் ஏறி நிற்க வேண்டும். முள் நின்ற பிறகுதான் “வாங்க மாப்பிள்ளை.” உள்ளே போனால் கையில் பட்டையைச் சுற்றி, புஸ் புஸ்ஸென்று காற்றடித்து, ரத்த அழுத்தம் பார்ப்பார். பார்த்துவிட்டு “ம்” என்பார். அந்த “ம்”முக்கு என்ன அர்த்தம் என்று கடைசிவரை சொல்லமாட்டார். பிறகு உப்பில்லாத சாப்பாடு. அதற்கப்புறம் சர்க்கரை இல்லாத டீ. பேக்கரி நடத்துகிற மனுஷனுக்குச் சர்க்கரை இல்லாத டீ கொடுப்பது மீனைத் துண்டால் துவட்டிவிடுகிற மாதிரி.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போனார். போதும் என்று தோன்றிவிட்டது.

வாரத்தில் மற்ற நாளெல்லாம் ஊர் எழுவதற்கு முன்னால் எழுந்து மாவு பிசைகிற ஆள் அவர். ஞாயிறு மத்தியானம் ஒன்றுதான் சொந்தம். வயிறு நிறையச் சாப்பாடு, கட்டில், மேலே மின்விசிறி. அதை யாருக்கும் கொடுக்கிறதாக இல்லை.

இவ்வளவு நிம்மதியாக இருந்தவர் ஜீப் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினார்.

ரொட்டி வாங்க வந்த மரக்கடைக்காரர், தன் பழைய ஜீப்பை விற்கப் போவதாகச் சொன்னார். காட்டுக்குள் ஓட்டுவதற்காக ஸ்பிரிங்கை எல்லாம் மாற்றி, வண்டியை அரைச் சாண் தூக்கி வைத்திருந்தார். பேக்கரிக்காரர் அதில் ஒருதரம் ஏறி உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்களின் தலையெல்லாம் கீழே தெரிந்தது. அவ்வளவுதான், ஆள் காலி. வாழ்நாளெல்லாம் குள்ள வேனில் உட்கார்ந்து அடுத்தவன் வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனவருக்கு அது பெரிய விஷயம்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். அவளுக்கு ஒரு கூரியர் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தபடியே காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பார்சல் வராதவர்கள் திட்டுவதைக் கேட்கிற வேலை. நாள் முழுக்கத் திட்டு வாங்கியும் ஒருநாளாவது அவள் குரல் உயர்ந்ததில்லை. “உங்க சிரமம் புரியுதுங்க” என்பாள். எதிராளி அடங்கிவிடுவான். அடங்கினதும், தப்பு அவன்மேல்தான் என்று அவன் வாயாலேயே சொல்லவைத்துவிட்டுப் போனை வைப்பாள். இந்தத் திறமை வீட்டுக்குள்ளும் புழங்கும் என்பது பேக்கரிக்காரருக்கு அவ்வப்போது மறந்துபோகும்.

“ஒரு ஜீப் வருது. வாங்கட்டுமா?”

“வாங்குங்க.”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“எதுக்குன்னு கேக்கலையா?”

“ஆசைப்படறீங்க. இதுல கேக்க என்னங்க இருக்கு?”

அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். செய்யவில்லை.

ஜீப் வந்து வாசலில் நின்றது. மரக்கடைக்காரர் நல்ல டயரையெல்லாம் கழற்றி வைத்துக்கொண்டு, எங்கேயோ கிடந்த சின்ன டயரை மாட்டி அனுப்பியிருந்தார். ஆறடி ஆள் குழந்தைச் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“ஏங்க, இது மேடு ஏறுமா?”

“ஏறுமாவா? இது சுவரே ஏறும்!”

பெருமை வந்தால் அவருக்கு வாய் முந்திக்கொள்ளும். வார்த்தை வெளியே போனபிறகுதான் எந்த மேடு என்று உறைத்தது.

“நல்லதாப் போச்சு. அம்மாகிட்ட சொல்லிடறேன். இனிமே ஞாயித்துக்கிழமையானா போயிடலாம்.”

“ஞாயித்துக்கிழமையானாவா?”

“வாராவாரம். பாவம், எத்தனை வருஷமா வர ஆசைப்பட்டுட்டு இருக்கீங்க.”

“அது... ஏறும்தான். ஆனா இந்த டயரோட ஏத்தக்கூடாது. ஆபத்து. டயர் மாத்தணும்.”

“மாத்துங்க. மாத்தினதும் போவோம்.”

அன்றைக்குப் பிசைந்த மாவில் பேக்கரிக்காரர் உப்பை இரண்டு தரம் போட்டார். வாங்கிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

மெக்கானிக்குக்குக் கிரீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் அவனுக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். பட்டறை முழுக்க டயர் அடுக்கியிருந்தது. கிரீஸ் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தான்.

“முதலாளி, இந்த உயரத்துக்கு முப்பத்தொரு இஞ்ச் டயர் போடுங்க. ஜம்முன்னு இருக்கும். முப்பத்திமூணுகூடப் பரவாயில்ல, வண்டி கொஞ்சம் சோம்பல் படும். முப்பத்தஞ்சு மட்டும் வேணாம்.”

“ஏன், இடிக்குமா?”

“இடிக்காது. அதான் வண்டியைத் தூக்கி வச்சிருக்காங்களே, நல்லாவே நுழையும். ஆனா இழுக்காது.”

“ஏன் இழுக்காது?”

“பின்னாடி அச்சுல இருக்கற கியர், சின்ன டயருக்குன்னு கணக்குப் பண்ணி வச்சது முதலாளி. டயர் பெருசாச்சுன்னா ஒரு சுத்துக்கு ரொம்ப தூரம் உருளணும். அந்தத் தெம்பு என்ஜினுக்குக் கிடையாது. டயரை மாத்தினா கியரையும் மாத்தணும். கியரை மாத்தாம டயரை மட்டும் மாத்தறது, சின்னப் பையன் பெரிய சைக்கிளை நின்னுக்கிட்டே மிதிக்கற கதைதான்.”

“அப்ப ஓடவே ஓடாதா?”

“சமதரையில ஓடும். பாக்கவும் ராஜா மாதிரி இருக்கும்.”

“மேட்டுல?”

“மேட்டுல மூச்சு வாங்கும். செங்குத்தா இருந்தா நின்னுடும்.”

பேக்கரிக்காரர் இதுவரைக்கும் நின்றுகொண்டிருந்தார். இப்போது ஒரு டயரின்மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

“நின்னுடுமா?”

“நின்னுடும்.”

“உறுதியா?”

கிரீஸ் அவரை ஒருமாதிரி பார்த்தான். வண்டி ஏறும் என்பதற்குத்தான் எல்லாரும் உறுதி கேட்பார்கள்.

“இந்தச் சின்ன லீவர் இருக்கே, அதைப் போட்டா வண்டி மெதுவா ஊர்ந்து ஏறிடும்னு மரக்கடைக்காரர் சொன்னாரே?”

“அது அவர் கைவரிசையில எப்பவோ செத்துப்போச்சு. சும்மா கம்பி மட்டும் நிக்குது. குடை மாட்டிக்கலாம்.”

“அப்ப வேற வழியே இல்ல?”

“வழியே இல்ல. அதனாலதான் சொல்றேன், முப்பத்தொண்ணு போடுங்க.”

“முப்பத்தஞ்சு போடு.”

“சரி, அப்ப கியரும்...”

“கியரைத் தொடாதே.”

“முதலாளி, நான் சொன்னது உங்களுக்குப் புரியலன்னு நினைக்கறேன்.”

“புரிஞ்சதாலதாம்பா சொல்றேன்.”

கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டான். சில பேருக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். “டயர் வரவழைக்கணும். வந்ததும் போன் பண்றேன். பேக்கரி நம்பர் கொடுங்க.”

“மாவுக் கையோட எங்க போன் எடுக்கறது? வீட்டு நம்பரை எழுதிக்கோ.”

வீட்டில் போன் எடுப்பது யார் என்று அவர் யோசிக்கவில்லை. மனசு முழுக்க, மேட்டின் நடுவில் நின்றுபோன ஜீப்தான் தெரிந்தது. வண்டியும் பெரிசு, டயரும் பெரிசு, ஆசையும் பெரிசு. பாழாய்ப்போன மேடுதான் விடவில்லை என்றால் யார் என்ன கேட்க முடியும்? இனி ஆயுசுக்கும் கட்டில், மின்விசிறி. திரும்பி வருகிற வழியில் அவர் தனக்குத் தானே ஒரு கேக் துண்டு பரிசளித்துக்கொண்டார்.

டயர் மாட்டின ஜீப் தெருவுக்குள் நுழைந்தபோது நாய்கள் குரைக்கவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்தன. அவ்வளவு பெரிய டயர். மனைவி வாசலில் நின்று, தலையைச் சாய்த்து, மேலிருந்து கீழே பார்த்தாள்.

“இதுல நான் எப்படிங்க ஏறுவேன்?”

“ஸ்டூல் போட்டுக்கலாம்.”

“இவ்வளவு பெருசா எதுக்கு?”

“எல்லாம் உங்கம்மா வீட்டு மேட்டுக்காகத்தான். சின்ன டயரை நம்பமுடியுமா?”

“எனக்காக எவ்வளவு யோசிக்கறீங்க” என்றாள் மனைவி. குரலில் எதுவும் இல்லை. அவர் காதில் எதுவும் விழவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். ஸ்டூலை வைத்து மனைவியை ஏற்றி, ஸ்டூலையும் உள்ளே போட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். அவள் மடியில் ஒரு கனமான துணிப்பை இருந்தது. சமதரையில் ஜீப் ராஜா மாதிரிதான் போனது. மாமியார் வீட்டு அடிவாரம் வந்ததும் மனைவி குனிந்து மீட்டரைப் பார்த்தாள்.

“ஏங்க, முன்னாடியெல்லாம் இருபது கிலோமீட்டர் வரும்ல? இப்போ பதினேழுதான் காட்டுது.”

“அது... டயர் பெருசு இல்லையா. குறைச்சுத்தான் காட்டும்.”

“அப்படியா! பெரிய டயர் போட்டதுல எங்கம்மா வீடே கிட்ட வந்துடுச்சு பாருங்க.”

பேக்கரிக்காரருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. முதல் கியரைப் போட்டு மேட்டில் ஏற்றினார்.

கொஞ்ச தூரம் ஏறியது. பிறகு என்ஜின் தொண்டையைச் செருமியது. பிறகு இருமியது. பிறகு வண்டி மொத்தமாக நடுங்க ஆரம்பித்தது. கிளட்ச் கருகுகிற வாடை வந்தது. பேக்கரிக்காரருக்கு அது வெண்ணெய் பிஸ்கெட் வேகிற வாசனை மாதிரி இருந்தது. ஒரு பச்சைக் கேட் வீட்டுக்கு நேரே ஜீப் கடைசியாக ஒரு குதி குதித்து நின்றது.

அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்க வேறு இடம் இல்லை.

“போச்சு. ஏறலையே.”

“அழாதீங்க.”

“எவ்வளவு ஆசையா கிளம்பினேன். உங்கம்மா என்ன நினைப்பாங்க?”

“உங்க சிரமம் புரியுதுங்க” என்றாள் மனைவி.

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் துணிப்பையைத் திறந்து இரண்டு செங்கல்லை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

“செங்கல் எதுக்குக் கொண்டுவந்தே?”

“மேடாச்சே. வண்டி பின்னாடி உருண்டுடக் கூடாதுல்ல.” ஸ்டூல் இல்லாமலே குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் செங்கல்லைச் செருகினாள். பிறகு கைபேசியை எடுத்தாள். “அம்மா... ஆமாம்மா. நின்னுடுச்சு. அதே இடத்துலதான், பச்சைக் கேட். சரிம்மா. மெதுவா வா.”

“யாரை மெதுவா வரச்சொல்றே?”

மேட்டின் உச்சியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. சக்கரம் வைத்த பெட்டி. அது முன்னால் ஓட, அதன் பிடியைப் பிடித்தபடி மாமியார் பின்னால் சாய்ந்து நடந்து வந்தார், கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்து வருகிற மாதிரி. இன்னொரு கையின் இடுக்கில் எடை மெஷின் இருந்தது.

பேக்கரிக்காரர் இறங்கினார். இறங்காமல் இருக்க முடியவில்லை.

“வாங்க அத்தை. எங்க கிளம்பிட்டீங்க?”

“உங்க வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை. உங்க வண்டி மேல வரமாட்டேங்குது. அதான் நான் கீழ வந்துட்டேன்.”

“ஒரு... ஒரு ரெண்டு நாள் இருப்பீங்களா?”

“வண்டி ஏறற வரைக்கும் இருப்பேன்.”

“அதுதான் ஏறமாட்டேங்குதே அத்தை!”

“அப்ப என்ன பண்றது? இறங்க முடியுது, திரும்பி ஏற மூட்டு ஒத்துக்காது.”

“டாக்டர் சொன்னாரா?”

“டாக்டர் எதுக்கு? நான் சொன்னேன்.”

இப்படிச் சொல்லிவிட்டு, ஸ்டூலை ஒரு பார்வை பார்த்து ஒதுக்கிவிட்டு, அந்த உயரத்து ஜீப்புக்குள் ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தார் மாமியார். முன்சீட்டில்.

திரும்பும்போது ஜீப் எந்தத் தகராறும் செய்யவில்லை. இறக்கத்தில் எல்லா வண்டியும் ஓடும்.

எடை மெஷின் சமையலறை வாசலில் குடியேறியது. உள்ளே போகும்போது ஒருதரம், வெளியே வரும்போது ஒருதரம். நடுவில் இருக்கிற வித்தியாசம் என்ன என்று மாமியாருக்குத் தெரிந்தாக வேண்டும். உப்பு ஜாடி மேல் அலமாரிக்குப் போனது. பேக்கரிக்காரர் ஸ்டூல் போட்டுத் தேடினார். ஜாடியில் ஓமம் இருந்தது.

“ஏம்மா, உங்கம்மா எப்பப் போவாங்க?”

“வண்டி ஏறினா போயிடுவாங்க.”

“நடந்து போகலாமே?”

“நீங்களே ஜீப்ல ஏறாத மேடுங்க அது. வயசான மனுஷி நடந்து ஏறணுமா?”

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் டயரைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். மென்று முழுங்கினார். அந்த வீட்டில் உப்புள்ள சாமான் அது ஒன்றுதான்.

வீட்டோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். மாமியாருக்குப் பொழுது போகவில்லை. ஒருநாள் எடை மெஷினை எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு வந்துவிட்டார். கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் அதை வைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதலில் மாட்டினவர், தினமும் சாயங்காலம் கிரீம் கேக் வாங்கும் தபால்காரர்.

“சர்க்கரை எவ்வளவு இருக்கு?” என்று கேட்டார் மாமியார்.

“கேக்லயா? அதை முதலாளியைத்தான் கேக்கணும்.”

“உங்க உடம்புல.”

தபால்காரர் கேக்கைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தார். மெஷினில் ஏறினார். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. அடுத்து வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். செய்தி பரவியது. பேக்கரியில் அதுவரை பார்த்திராத கூட்டம். எல்லாரும் எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், “ரொம்ப நன்றிம்மா” என்று கும்பிட்டார்கள். ஒருத்தரும் பன் வாங்கவில்லை. சாயங்காலம் அலமாரி காலையில் அடுக்கினபடியே இருந்தது. கிரீம் மட்டும் சோகத்தில் சரிந்திருந்தது.

“மாப்பிள்ளை, கடைக்கு நல்ல பேர் வந்துடுச்சு” என்றார் மாமியார். “நாளைக்குச் சீக்கிரமே வந்துடறேன்.”

பேக்கரிக்காரர் அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றப் போய் மற்ற ஆறு நாளையும் தொலைத்திருக்கிறார். போதாததற்கு அந்த ஞாயிறும் போய்விட்டது. ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனார்.

“கிரீஸ், பழைய சின்ன டயரை மாட்டிக் கொடு. இப்பவே.”

“அது அன்னைக்கே போயிடுச்சே முதலாளி. ‘கண்ணுல காட்டாதே, யாருக்காவது கொடுத்துடு’ன்னு நீங்கதான் சொன்னீங்க.”

சொன்னார்தான்.

“அப்ப கியரை மாத்து. எவ்வளவு நாளாகும் வரவழைக்க?”

“வரவழைக்கணுமா? அதோ மூலையில இருக்கு பாருங்க.”

மூலையில் புது அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் தூசிகூட ஒழுங்காகப் படியவில்லை.

“இது யாருக்கு வந்தது?”

“உங்களுக்குத்தான்.”

“நான் கியரைத் தொடாதேன்னு சொன்னேனே!”

“நீங்க சொன்னீங்க. உங்க வீட்டம்மா வேற மாதிரி சொன்னாங்களே.” கிரீஸ் பெட்டியைத் தூக்கி மேஜையில் வைத்தான். “டயர் வந்துடுச்சுன்னு போன் பண்ணேன்ல, அவங்கதான் எடுத்தாங்க. ரொம்பப் பொறுமையாக் கேட்டாங்க முதலாளி. கியரை மாத்தாம முப்பத்தஞ்சு போடறாரு, மேட்டுல நின்னுடும், எனக்குக் கெட்ட பேர் வரும்னு புலம்பினேன். ‘உங்க சிரமம் புரியுதுங்க’ன்னாங்க. அவங்கம்மா வீட்டு மேட்டுல எந்த இடத்துல நிக்கும்னு கேட்டாங்க. அந்த மேடு எனக்குத் தெரியாதா? பச்சைக் கேட்டைத் தாண்டாதுன்னேன்.”

பேக்கரிக்காரருக்குச் செங்கல் ஞாபகம் வந்தது.

“அப்புறம்?”

“‘கியரை வரவழைச்சு வையுங்க, ஆனா மாட்டாதீங்க. அவரே ஓடிவந்து கேப்பாரு. அப்ப மாட்டுங்க’ன்னாங்க. கடைசியா ‘உங்க ஒத்துழைப்புக்கு நன்றி’ன்னு சொன்னாங்க. பட்டறை வச்ச நாள்ல இருந்து என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல முதலாளி.” அவன் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

பேக்கரிக்காரர் அதே டயரின்மேல் உட்கார்ந்தார். போன தடவை உட்கார்ந்தபோது உலகமே அவர் கையில் இருந்தது. இப்போது இரண்டே வழி. கியரை மாற்றாவிட்டால் மாமியார் வாரம் முழுக்க. மாற்றினால் ஞாயிறு மட்டும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் யோசித்தார், மரியாதைக்காக.

“மாட்டு” என்றார்.

அடுத்த ஞாயிறு ஜீப் கிளம்பியது. முன்சீட்டில் மாமியார், மடியில் எடை மெஷின். பின்சீட்டில் மனைவி, அவளுக்குப் பக்கத்தில் சக்கரப் பெட்டி. செங்கல் இல்லை. அதைப் பார்த்ததுமே பேக்கரிக்காரருக்கு வண்டி ஏறிவிடும் என்று தெரிந்துவிட்டது.

ஏறியது. இருமவில்லை, செருமவில்லை. பச்சைக் கேட் வீடு வந்தது, போனது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மேட்டில் ஜீப் ஏறியது. தெருக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். அந்த உயரத்தில் உட்கார்ந்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு போகிறபோது, ஒரு நிமிஷம், பேக்கரிக்காரருக்கே பெருமையாக இருந்தது. பிறகு எங்கே போகிறோம் என்பது ஞாபகம் வந்தது.

மேலே வாசலில் வண்டி நின்றது. மாமியார் எடை மெஷினோடு இறங்கிப்போய், அதை அதன் பழைய இடத்தில் வைத்து, காலால் தள்ளி நேராக்கினார். பேக்கரிக்காரர் மனைவியைத் தனியே இழுத்தார்.

“உனக்கு எல்லாம் தெரியுமா?”

“எதுங்க?”

“டயர். கியர். எல்லாம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் அன்னைக்கே கியரை மாத்தச் சொல்லல? எனக்கு இந்த ஒரு வாரக் கஷ்டமாவது மிச்சமாகியிருக்குமே!”

“நான் சொல்லி மாத்தினா அடுத்த வாரம் பிரேக் சரியில்லம்பீங்க. அதுக்கப்புறம் ஹாரன் சரியில்லம்பீங்க. இப்ப நீங்களே போய், நீங்களே கேட்டு, நீங்களே மாத்தியிருக்கீங்க. இனிமே வண்டியில என்னங்க குறை சொல்ல முடியும்?”

அவர் வண்டியைப் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை. கிரீஸ் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தான்.

“இது அநியாயம்” என்றார்.

மனைவி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். காதில் கருவி மாட்டியிருக்கும்போது வருகிற குரல் வந்தது.

“தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

“மாப்பிள்ளை!” என்று வாசலிலிருந்து கூப்பிட்டார் மாமியார். “செருப்பைக் கழட்டிட்டு வாங்க.”

“வேண்டாம்” என்று மனைவிக்குப் பதில் சொல்லிவிட்டு, பேக்கரிக்காரர் செருப்பைக் கழற்றி எடை மெஷின்மேல் ஏறினார்.